டவர் ஸ்பீக்கர் கால்: இடிப்பது மரையாக இருக்கலாம்

22 கிலோ ஸ்பீக்கரில் புது ரப்பர் கால்கள் லூசாக ஏறி, பாதியில் சிக்கி, டைல்ஸ் தரையில் ஆடுகின்றன என்கிறீர்கள். மேற்கொண்டு முறுக்காதீர்கள், எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையிலிருந்து மரைப்புரி, அதாவது போல்ட் ஏறுவதற்காகப் பதித்த குழல், பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். உங்களிடம் இருப்பது எம்6 (6 மி.மீ.) போல்ட், ஸ்பீக்கர் பெட்டியில் இருப்பது கால் அங்குல மரை என்று தோன்றுகிறது. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மரை இடைவெளிதான் 1 மி.மீ., 1.27 மி.மீ. என்று வேறுபடும். பழைய ஸ்பைக்கை (கூர்முனைக் காலை) பக்கத்தில் வைத்துப் பற்களை ஒப்பிடுங்கள், தெரிந்துவிடும்.

சரியான போல்ட் கிடைத்ததும் ஸ்பீக்கரைப் போர்வைமேல் சாய்த்து, கையால் மட்டும் திருகுங்கள். நிமிர்த்தி, ரசமட்டம் பார்த்து, நான்கு காலும் தரையைத் தொட்ட பிறகே லாக் நட்டை (கால் திரும்பாமல் பிடிக்கும் நட்டை) இறுக்குங்கள். காலுக்குச் சராசரி 5.5 கிலோ, 20 கிலோ தாங்கும் கடின ரப்பர் இந்த எடைக்கு அமுங்காது, இங்கே வெறும் கட்டைதான்.