படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குக் கும்பகோணம் பக்கம் முதியோர் இல்லம் தேடுகிறோம். பராமரிப்பு எப்படி என்று எதை வைத்துக் கணிப்பது?

வரவேற்பறையையும் பூஜை அறையையும்தான் முதலில் காட்டுவார்கள். அதை விடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஏழு மணிவாக்கில் போய்ப் பாருங்கள். பகல் ஆட்கள் கிளம்பிய பிறகு எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

உங்கள் அம்மா விஷயத்தில் முக்கியமானது படுக்கைப் புண். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். "இரவிலும் செய்கிறீர்களா, எழுதி வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். நோட்டைக் காட்டினால் நல்லது. எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பியதுபோல் இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. சேர்த்த பிறகு முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகாலை நீங்களே பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் ஆரம்பம். கருத்த தோலில் நிறம் தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

அப்புறம் ஜெனரேட்டர். 2018 கஜா புயலில் டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை கரண்டில்தான் ஓடும்.

பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். புகார் இருந்தால் முதியோர் உதவி எண் 14567.