4 வயதுக் குழந்தையோடு ஜோடிப் பட அட்டை விளையாட்டு ஆடும்போது வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கலாமா?

கூடாது. "சின்னக் குழந்தைதானே, விட்டுக் கொடு" என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் பேத்திக்கும் நாலு வயது, பகலெல்லாம் அவள் என் பொறுப்பு. கடையில் ஒரே விலங்குப் படச் சார்ட் இரண்டு வாங்கி, படங்களை வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி இந்த ஆட்டத்துக்கான அட்டைகளை நானே செய்தேன். அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி, அவரவர் முறையில் இரண்டைத் திருப்ப வேண்டும், இரண்டும் ஒரே படமானால் அந்த ஜோடி அவருக்கு, இல்லாவிட்டால் திரும்பக் கவிழ்த்துவிட வேண்டும். பின்பக்கம் முழுக்க நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட்டை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் தெரியும் பொன்னெழுத்தை வைத்தே பிள்ளைகள் ஜோடியைக் கண்டுபிடித்துவிடும்.

ஒருமுறை என் மைத்துனர் ஆட உட்கார்ந்தார். ஜன்னலோர அட்டையில் குதிரை இருப்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். இவர் இன்னொரு குதிரையைத் திருப்பிவிட்டு, இரண்டாவதாக வேண்டுமென்றே வேறு எதையோ திருப்பினார். "சின்னத் தாத்தா, தெரிஞ்சே தப்பா எடுக்கிறீங்க, நான் வரல" என்று அவள் எழுந்து போய்விட்டாள். அத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் அவள்தான் முன்னால் இருந்தாள். எனக்கு அவ்வளவு பெருமை!

குழந்தையை அழவைத்து ஜெயிக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆட்டத்தைச் சுலபமாக்குங்கள், அது வேறு விஷயம். முதலில் 6 ஜோடி, 12 அட்டை போதும், புலியும் சிறுத்தையும் சேர்ந்து வேண்டாம். ஜோடி கிடைத்தவருக்கு இன்னொரு வாய்ப்பு என்ற விதியை எடுத்துவிட்டால் சின்னவர்களுக்கு முறை சீக்கிரம் வரும். அப்புறம், திருப்பும்போதே "யானை, கதவுப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அட்டை எடுத்த இடம் காலியாகவே கிடக்கட்டும். பெரியவர்களுக்கு அந்த இடைவெளியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, மிச்ச அட்டைகளை நகர்த்தி ஒழுங்குபடுத்துவார்கள். குழந்தை மனதில் வைத்திருப்பதே அந்த இடத்தைத்தான், நகர்த்தினால் எல்லாம் போச்சு.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு மையத்தில் இதே அட்டைகளைப் பரப்பி வைத்து, நினைவாற்றல் பயிற்சி, படிப்பு நன்றாக வரும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள், என் மருமகளும் நம்பிக் கட்டிவிட்டாள். ஜெர்மனியில் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959இலேயே 'மெமரி' என்று பெட்டியில் போட்டு விற்ற விளையாட்டு இது, சீட்டுக்கட்டை வைத்து அதற்கு முன்பே ஆடியிருக்கிறார்கள். இதை ஆட ஆட இந்த ஆட்டம் நன்றாக வரும், சரி, அதனால் மார்க்கு ஏறும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நாலு வயதுக்கு மார்க்கு எதற்கு? பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனால், திரும்பத் தர மாட்டோம் என்று ரசீதிலேயே போட்டிருக்கிறதாம். எனக்கு ஆன செலவு இரண்டு சார்ட்டும் ஒரு கோந்து பாட்டிலும்தான். நீங்கள் சார்ட் வாங்கினால் கடையிலேயே இரண்டையும் விரித்து வைத்துப் பாருங்கள், படம் கொஞ்சம் மாறியிருந்தாலும் ஜோடி சேராது.