டெஸ்லா பிளக்குக்கு மாறும் கார்கள்: கேள்வி பதில்

டெஸ்லா தன் சார்ஜிங் பிளக்கை 2022 நவம்பரில் ‘நாக்ஸ்’ என்ற பெயரில் மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. 2023 மே மாதம் ஃபோர்டும், ஜூனில் ஜிஎம்மும் அதை ஏற்றுக்கொண்டன. அதன் பிறகு ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டார்கள். வாகனத் தரங்களை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பு இதற்குக் கொடுத்த தர எண் ஜே3400. அமெரிக்காவிலும் கனடாவிலும் கார் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இங்கே.

என்னிடம் 2023 ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ இருக்கிறது. டெஸ்லா அல்லாத கார்களின் பழைய சிசிஎஸ் சாக்கெட். அடாப்டர் இருந்தால் டெஸ்லாவின் வேக சார்ஜரான சூப்பர்சார்ஜர் எதிலும் போடலாமா?

முடியாது. வி3, வி4 என்ற மூன்றாம், நான்காம் தலைமுறை சார்ஜர்களில் மட்டும்தான். பிளக் உள்ளே போவது வேறு, சார்ஜரும் காரும் பேசிக்கொள்வது வேறு. பழைய வி2 சார்ஜர்களுக்கு டெஸ்லாவின் சொந்த ‘கேன்’ சிக்னல் மட்டுமே தெரியும். உங்கள் கார் பேசுவது சிசிஎஸ்ஸின் பவர்லைன் சிக்னல். வி3 முதல் இரண்டும் தெரியும். எனவே கிளம்பும் முன்பே ஃபோர்டு ஆப்பிலோ டெஸ்லா ஆப்பிலோ பாருங்கள். மற்ற கார்களுக்குத் திறந்த இடங்களை மட்டும் அது காட்டும்.

போய்ச் சேர்ந்ததும் அடாப்டரை முதலில் சார்ஜர் கேபிளில் ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அழுத்துங்கள், பிறகு காரில் செருகுங்கள். டெஸ்லா ஆப் வழியாகப் பணம் கட்டுவதென்றால் ஆப்பில் சார்ஜர் கம்பத்தின் எண்ணைத் தேர்ந்தெடுக்கவேண்டும். முடிந்ததும் சார்ஜை நிறுத்தி, கார் லாக்கைத் திறந்து, அடாப்டரோடு சேர்த்தே வெளியே இழுங்கள். கேபிளை மட்டும் பிடுங்கப் பார்ப்பவர்கள்தான் அடாப்டரின் கொக்கியை உடைக்கிறார்கள்.

இன்னொன்று, வி3 கேபிள் குட்டை. டெஸ்லாவின் சாக்கெட் இடது பின்பக்கம் இருப்பதால் அதற்கு ஏற்ற நீளம்தான் வைத்திருக்கிறார்கள். மாக்-ஈயின் சாக்கெட் இடது முன்பக்கம். அநேகமாகப் பக்கத்து இடத்தின் கம்பத்திலிருந்து இழுக்கவேண்டியிருக்கும். கூட்டமான நேரத்தில் முறைப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் 40 டாலருக்கும் அடாப்டர் இருக்கிறது, 200 டாலருக்கும் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரிதானே?

விலை குறைந்தது ஏசிக்கானது, அதாவது வீட்டில் வரும் மாறுதிசை மின்சாரத்துக்கு. வீட்டு சார்ஜர், ஹோட்டல் வாசலில் இருக்கும் டெஸ்லா வால் கனெக்டர், இவற்றுக்குத்தான் அது. விலை கூடியது டிசிக்கானது, அதாவது சூப்பர்சார்ஜர் தரும் நேர்திசை மின்சாரத்துக்கு.

நாக்ஸில் மொத்தம் ஐந்து பின். இரண்டு பெரியவை மின்சாரத்துக்கு, ஒன்று எர்த், இரண்டு சிறியவை சிக்னலுக்கு. ஏசி, டிசி இரண்டும் அதே பெரிய பின்கள் வழியாகத்தான் போகும். சிசிஎஸ்ஸில் அப்படியில்லை, மேலே ஏசி, கீழே தனியாக இரண்டு தடித்த டிசி பின்கள். ஆகவே ஏசி அடாப்டர் மேல் பின்களுக்கும், டிசி அடாப்டர் கீழ் பின்களுக்கும் போகிறது. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. ஏசி அடாப்டரை சூப்பர்சார்ஜரில் வைத்து முயன்று பார்க்கவே கூடாது.

டிசி அடாப்டர் வாங்கும்போது யுஎல் 2252 பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 400, 500 ஆம்பியர் ஓடும் இடத்தில் பின் கொஞ்சம் தளர்ந்தாலும் அங்கே சூடு ஏறும். நல்ல அடாப்டர் சூட்டை உணர்ந்து ஆம்பியரைக் குறைக்க வைக்கும், மட்டமானது உருகும். பின்னில் கறுப்போ, பிளாஸ்டிக்கில் பழுப்போ தெரிந்தால் அன்றோடு தூக்கிப் போடுங்கள். சாக்கெட்டும் கெட்டால் செலவு பல மடங்கு.

புது ஹுண்டாய் ஐயானிக் 5, கம்பெனியிலிருந்தே நாக்ஸ் சாக்கெட். ஆனால் சூப்பர்சார்ஜரில் மெதுவாக ஏறுகிறதே?

கோளாறு இல்லை, வோல்டேஜ் பொருந்தவில்லை. உங்கள் பேட்டரி 800 வோல்ட் வகை. வி3 சார்ஜரின் உச்சம் சுமார் 500 வோல்ட். கார் தன் மோட்டார், இன்வெர்ட்டரைக் கொண்டு அதை உயர்த்திக்கொள்கிறது. அந்த வழியில் ஏறத்தாழ 125 கிலோவாட்தான் வரும். ஹுண்டாய் கணக்குப்படி 84 கிலோவாட்-ஹவர் பேட்டரி 10லிருந்து 80 சதவீதம் ஏற வி3யில் 30 நிமிடம். 350 கிலோவாட் சிசிஎஸ் சார்ஜரில், காரோடு வந்த அடாப்டரைப் போட்டால் 20 நிமிடம். ஆக, புது சாக்கெட் வைத்திருக்கும் உங்களுக்குப் பழைய பிளக்தான் வேகம்! வேடிக்கைதான், ஆனால் உண்மை.

வி4 என்று எழுதியிருந்தாலும் ஏமாறவேண்டாம். பல இடங்களில் கம்பம் மட்டும் வி4, பின்னால் இருக்கும் பெட்டி வி3. பெட்டியும் வி4 என்றால்தான் 1000 வோல்ட் வரை கிடைக்கும்.

வீட்டுக்கு எந்த பிளக் உள்ள சார்ஜர் வாங்குவது?

அடுத்த காரும் நாக்ஸாகத்தான் இருக்கும், அதையே வாங்குங்கள். ஏற்கெனவே பழைய ஏசி பிளக்கான ஜே1772 உள்ள சார்ஜர் இருந்தால் மாற்றவேண்டாம், சின்ன ஏசி அடாப்டர் போதும்.

பிளக்கைவிட வயரில் கவனம் வையுங்கள். 240 வோல்ட், 48 ஆம்பியர் என்றால் 11.5 கிலோவாட். மணிக்கணக்கில் ஓடும் லோடு என்பதால் 25 சதவீதம் கூட்டி 60 ஆம்பியர் பிரேக்கர் போடவேண்டும். இங்கேதான் சில எலக்ட்ரீஷியன்கள் தவறுகிறார்கள்: 6 கேஜ் ரோமெக்ஸ் வயர் (ஒரே உறைக்குள் வரும் வீட்டு கேபிள்) 55 ஆம்பியருக்குத்தான் தாங்கும், இதற்குப் போதாது. அதே 6 கேஜ் தாமிர வயரைத் தனித்தனியாகக் குழாயில் இழுத்தால் சரி. ரோமெக்ஸ்தான் இருக்கிறது என்றால் சார்ஜரை 40 ஆம்பியருக்கு செட் செய்து 50 ஆம்பியர் பிரேக்கர் போடுங்கள். ராத்திரி சார்ஜுக்கு அதுவே தாராளம்.

2026 நிஸான் லீஃபில் நாக்ஸ் சாக்கெட்டில் வீட்டு சார்ஜர் வேலை செய்யவில்லை.

அந்தக் காரில் இரண்டு சாக்கெட். பயணி பக்கம் இருக்கும் நாக்ஸ், டிசிக்கு மட்டும். வீட்டு சார்ஜுக்கு டிரைவர் பக்கத்து ஜே1772. பழைய லீஃபில் இருக்கும் சாடெமோ என்ற டிசி சாக்கெட்டுக்கு சாதாரண அடாப்டர் உதவாது. சிக்னலையே மொழிபெயர்க்கும் எலக்ட்ரானிக்ஸ் உள்ள கருவி வேண்டும்.

பழைய டெஸ்லா மாடல் 3, சிசிஎஸ் சார்ஜரில் போட முடியுமா?

திரையில் சாஃப்ட்வேர் பகுதியில் ‘அடிஷனல் வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன்’ தட்டுங்கள். சிசிஎஸ் அடாப்டர் சப்போர்ட் ‘எனேபிள்டு’ என்றிருந்தால் அடாப்டர் போதும். ‘நாட் இன்ஸ்டால்டு’ என்றிருந்தால் முதலில் சார்ஜ் போர்ட்டின் கன்ட்ரோலரை சர்வீஸ் சென்டரில் மாற்றவேண்டும்.

இந்தியாவுக்கும் நாக்ஸ் வருமா? ஊருக்கு அடாப்டர் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகவேண்டாம். அங்கே கார்களுக்கு சிசிஎஸ்2தான். டெஸ்லாவே 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது மாடல் ஒய்யை சிசிஎஸ்2 சாக்கெட்டோடுதான் விற்றது. நாக்ஸில் த்ரீ ஃபேஸ் ஏசிக்குப் பின்னே கிடையாது. த்ரீ ஃபேஸ் சார்ஜர்கள் உள்ள ஊரில் அது பெரிய குறை.