பின் ஹப்பில் எத்தனை பிடிப்பு போதும்?

மலைச் சைக்கிளுக்கு விலை கூடிய பின் ஹப், அதாவது பின் சக்கரத்தின் நடுப்பகுதி, வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ஒரு ஹப்பில் 36 பிடிப்பு என்கிறார்கள், இன்னொன்றில் 690 என்கிறார்கள். ஓட்டும்போது இந்த வித்தியாசம் உண்மையிலேயே காலுக்குத் தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் எல்லா இடத்திலும் தெரியாது. பிடிப்பு என்பது சக்கரத்தின் ஒரு சுற்றில் ஹப் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்களின் எண்ணிக்கை. மிதிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி மிதிக்கும்போது, உள்ளே அடுத்த பல் மாட்டும்வரை பெடல் சும்மா நகரும். டிடி ஸ்விஸ் 350 என்ற ஹப்பில் வரும் 36 பல் ராட்செட்டில் (ஒன்றோடொன்று மாட்டும் பல் வளையங்கள்) இது அதிகபட்சம் 10 டிகிரி. 54 பல்லில் 6.7. ஹோப் ப்ரோ 5-இன் 108 பிடிப்பில் 3.3. இண்டஸ்ட்ரி நைன் ஹைட்ராவின் 690-இல் அரை டிகிரி. இவை சக்கரத்தின் கோணங்கள். கால் உணர்வது க்ராங்க்கின், அதாவது பெடலைத் தாங்கும் கையின், கோணத்தை. அதைக் கணக்கிட, செயின் ஓடும் பின் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் பெருக்கி, முன் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

முன்னால் 32, பின்னால் 50 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி 15.6 ஆகிவிடுகிறது. 170 மி.மீ. க்ராங்க்கில் பெடல் 4.6 செ.மீ. வெறுமனே போகும். அதே கியரில் 54 பல் ராட்செட் என்றால் 3.1 செ.மீ., 108 என்றால் 1.5 செ.மீ., 690 என்றால் இரண்டரை மி.மீ. கூட இல்லை. இப்போது பின்னால் 10 பல்லுக்கு மாற்றிப் பாருங்கள். 36 பிடிப்பிலேயே வெறும் ஓட்டம் 9 மி.மீ.தான். வேகமாக இறங்கும்போது எந்த ஹப்பும் ஒன்றுபோலத் தோன்றுவது இதனால்தான். இவையெல்லாம் மிக மோசமான நிலைக்கான கணக்கு. சராசரியில் இதில் பாதிதான் இருக்கும்.

ஆகவே, பாறையும் வேருமாக உள்ள செங்குத்து ஏற்றத்தில் பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் நின்று, முழுச் சுற்று மிதிக்க இடமில்லாமல் பெடலை அரைச் சுற்று முன்னும் பின்னும் ஆட்டி ஏறுபவருக்குக் கூடுதல் பிடிப்பு காசு கொடுத்து வாங்கத் தக்கது. மண்பாதையில் சீராக மிதிப்பவருக்கு 36 போதும். 10 டிகிரியிலிருந்து 5-க்கு வருவது நன்றாகவே தெரியும். 3-இலிருந்து அரைக்கு வருவதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொன்னால் பலர் திணறுவார்கள்.

ஏற்கெனவே டிடி ஸ்விஸ் ஹப் வைத்திருப்பவர்கள் புது ஹப் வாங்க வேண்டியதில்லை. ராட்செட் வளையங்களை மட்டும் 54 பல்லுக்கு மாற்றலாம். இரண்டு சுருள் (ஸ்பிரிங்) உள்ள பழைய ஸ்டார் ராட்செட்டும் ஒரே சுருள் உள்ள புதிய ஈஎக்ஸ்பி ராட்செட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. வாங்குமுன் உங்களிடம் இருப்பது எது என்று கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பிடிப்பு அதிகமானால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பெடல் பின்னால் உதைக்கும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பல வடிவமைப்புகளில் செயினின் மேற்பகுதி நீள வேண்டியிருக்கும். அந்த இழுப்பு கேசட்டை, அதாவது பின் பற்சக்கரங்களின் அடுக்கை, முன்னோக்கித் திருப்பப் பார்க்கும். சக்கரம் அதைவிட வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தால் ஃப்ரீஹப் (கேசட்டைத் தாங்கி, ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பகுதி) பிடிக்காது, உதையும் வராது. மெதுவாகப் போய்ப் பெரிய படியில் விழும்போதும், பின் பிரேக்கால் சக்கரம் பூட்டியிருக்கும்போதும்தான் உதை வரும். அப்போது பிடிப்புக் குறைந்த ஹப்பில் உள்ள வெறும் ஓட்டம் ஒரு மெத்தைபோல வேலை செய்கிறது. இறக்கம் மட்டுமே ஓட்டுபவர்களில் சிலர் வேண்டுமென்றே பிடிப்புக் குறைந்த ராட்செட் போடுவது இதற்காகத்தான். சஸ்பென்ஷன் இல்லாத பின்பகுதி என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

கேள்வி: ஹப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். என் சைக்கிள் சட்டத்துக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. பரவாயில்லை. இப்போதுள்ள பின் ஹப்பைக் கழற்றி, ஒரு முனை மூடியிலிருந்து மறுமுனை மூடிவரை கேலிபரால் அளந்து பாருங்கள். 12 மி.மீ. த்ரூ ஆக்ஸிலில் (ஹப்பை ஊடுருவிச் செல்லும் அச்சு) 142, 148, 157 மி.மீ. என்று மூன்று அளவுகள் வரும். 148 அளவுக்குப் பூஸ்ட் என்று பெயர். சட்டத்தை அளப்பதானால் உள்பக்கமுள்ள பள்ளத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் 142 சட்டம் 135 என்று காட்டிக் குழப்பும்.

142 ஹப்பை 148 சட்டத்தில் போட இடைவெளி நிரப்பும் வில்லைகள் கிடைக்கின்றன. ஆனால் பூஸ்ட்டில் கேசட்டும் பிரேக் டிஸ்க்கும் பக்கத்துக்கு 3 மி.மீ. வெளியே நகர்ந்திருக்கும். அதனால் டிஸ்க்குக்கு அடியிலும் 3 மி.மீ. வில்லை கொடுத்து நீளமான போல்ட் போட வேண்டும். பழைய சக்கரத்தைக் காப்பாற்ற இது சரி. புதிதாக வாங்கும்போது இந்த வேலை எதற்கு?

அடுத்தது கேசட் பொருந்தும் உடல். ஷிமானோவின் எச்ஜி (HG) வகை உடலில் மலைச் சைக்கிள் கேசட்டின் சிறிய பல் 11. 10 பல் வேண்டுமென்றால் ஸ்ராம் நிறுவனத்தின் கேசட்டுக்கு எக்ஸ்டி (XD) உடல், ஷிமானோவின் 12 கியருக்கு மைக்ரோ ஸ்ப்ளைன். ஸ்ராமின் 12 கியர் வரிசையான ஈகிள் என்றாலே எக்ஸ்டி என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. என்எக்ஸ், எஸ்எக்ஸ் வரிசையின் 11–50 கேசட் எச்ஜியில்தான் ஏறும். நல்ல ஹப்புகளில் இந்த உடலைத் தனியாக வாங்கி மாற்றலாம். அது உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்பதை ஹப்புக்குப் பணம் கட்டுமுன் கேளுங்கள்.

ஆரக் கம்பித் துளைகள் உங்கள் ரிம்மில் உள்ள எண்ணிக்கையிலேயே இருக்க வேண்டும். 28-உம் 32-உம் வழக்கம். எடை கூடியவர்களும் கடினமான பாதையில் ஓட்டுபவர்களும் 32 எடுக்கலாம். நேர்க் கம்பி ஹப் பார்க்க அழகு. வளைந்த தலைக் கம்பி உடைந்தால் பல கடைகளில் மாற்றுக் கிடைக்கும். நெடும்பயணம் போகிறவர் எதை எடுக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: சத்தம் அதிகமாக இருந்ததால் ஃப்ரீஹப்பில் நிறைய க்ரீஸ் வைத்தேன். சத்தம் போய்விட்டது. இப்போது அழுத்தி மிதித்தால் ‘டக்’கென்று நழுவுகிறது. ஏன்?

பதில்: உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் சிறு நாக்குகளை வெளியே தள்ளுபவை மெல்லிய சுருள்கள். கெட்டி க்ரீஸில் நாக்கு மூழ்கிவிட்டால் சுருளால் அதை நேரத்துக்குத் தள்ள முடியாது. நான்கு நாக்கு மாட்ட வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ, அதுவும் நுனியில் மட்டும் மாட்டும். முழு பாரமும் அந்த நுனியில் இறங்கி, பல் முனை உதிரும். உதிர்ந்த தூள் க்ரீஸோடு சேர்ந்து மற்ற பற்களையும் அரைக்கும்.

முதலில் நழுவுவது ஹப்தானா என்று உறுதி செய்யுங்கள். செயின் பற்களின் மேல் ஏறித் தாவினால் தேய்ந்தது செயினும் கேசட்டும். செயினும் கேசட்டும் ஒன்றாகத் திரும்பி, சக்கரம் மட்டும் நின்றால் குற்றம் ஹப்பில்.

பிறகு முனை மூடியை எடுத்து ஃப்ரீஹப் உடலை இழுங்கள். டிடி ஸ்விஸ்ஸில் கேசட்டைப் பிடித்து இழுத்தாலே மூடியோடு வந்துவிடும். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்; நாக்கும் சுருளும் துள்ளிப் போனால் தேடி மாளாது. எந்தப் பாகம் எந்தத் திசையில் இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுத் துடையுங்கள். கரைப்பானைத் துணியில் நனைத்துப் பயன்படுத்துங்கள், பேரிங் மேல் ஊற்றாதீர்கள். பற்களின் முனை மழுங்கியோ உடைந்தோ இருந்தால் வளையத்தையும் நாக்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மறுபடி பூசுவதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் மசகுதான். ராட்செட் வகைக்கு டிடி ஸ்விஸ் தனி க்ரீஸ் விற்கிறது. பூசிய பிறகும் பற்களின் வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசாக. நாக்கு வகைக்குப் பெரும்பாலும் எண்ணெயோ இளகிய க்ரீஸோ போதும். உடலைத் திரும்பச் செருகும்போது நாக்குகள் வெளியே நீட்டிக்கொண்டு வழிமறிக்கும். ஒரு நூலைச் சுற்றி உள்ளே அமுக்கி, கேசட் பக்கமிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே தள்ளி, கடைசியில் நூலை உருவிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் சத்தமே இல்லாத ஹப் கிடையாதா?

பதில்: உண்டு. ஓனிக்ஸ் ஹப்பில் பல்லும் இல்லை, நாக்கும் இல்லை. சாய்ந்து நின்று இறுக்கிப் பிடிக்கும் உருளை போன்ற துண்டுகள்தான். சத்தமில்லை, வெறும் ஓட்டமும் இல்லை. விலையாகக் கொடுப்பது எடை. பலமாக மிதிக்கும்போது லேசாக மீள்வதுபோல ஓர் உணர்வும் இருக்கும். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

கேள்வி: கேசட் கழற்ற வரவில்லை. அலுமினிய உடலைக் கடித்துவிட்டது. ஹப்பின் குறையா?

பதில்: எச்ஜி உடலின் இயல்பு. தனித்தனி எஃகுப் பற்கள் மென்மையான அலுமினியத்தில் அழுந்திப் பள்ளம் போடும். செயின் சாட்டையை (செயின் துண்டு பொருத்திய கைப்பிடிக் கருவி) எதிர்ப்பக்கம் கொடுத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பள்ளத்தின் மேடான விளிம்பை மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம். அடுத்த முறை கேசட்டை இறுக்கும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். தளர்வான கேசட்தான் அதிகம் கடிக்கும். எஃகு உடல் கிடைத்தால் கொஞ்சம் எடை கூடினாலும் வாங்கிப் போடலாம். மோட்டார் உதவியுள்ள மின்சைக்கிள் என்றால் எஃகைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

கேள்வி: செராமிக் பேரிங் உள்ளதை எடுக்கலாமா?

பதில்: சேற்றிலும் ஓடையிலும் போகும் வண்டிக்கு அந்தப் பணம் வீண். பேரிங்கைக் கெடுப்பது பாரத்தைவிட உள்ளே போகும் தண்ணீர்தான். நல்ல சீலுள்ள எஃகு பேரிங் போதும். பேரிங்கின் மேல் 6902 போன்ற எண் பொறித்திருக்கும்; அது 15 மி.மீ. உள்விட்டம், 28 வெளிவிட்டம், 7 அகலம். இந்தப் பொது அளவில் உள்ள ஹப் என்றால் பேரிங் கடையிலேயே மாற்றுக் கிடைக்கும். புதியதை ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் பள்ளம் போட்டு, முதல் நாளே கரகரக்கும். க்றிஸ் கிங் போன்று இறுக்கத்தைச் சரிசெய்யும் ஹப் என்றால், புதிதில் சில ஓட்டங்களுக்குப் பின் பேரிங் உட்கார்ந்து லேசான ஆட்டம் வரும். ரிம்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் மறையும் அளவுக்கு மட்டும் ஹப்பில் உள்ள சரிசெய்யும் வளையத்தை முடுக்கிக்கொள்ளுங்கள்.