முன்னுரையை விட்டுவிடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தை முன்மொழிகிற ஆணையம், அதை நிறைவேற்றுகிற நாடாளுமன்றம், உறுப்பு நாட்டு அரசுகளின் கவுன்சில் ஆகிய மூன்றும் சட்டத்தைத் தெளிவாக எழுதுவதற்கென்றே ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எங்கள் கம்பெனிக்கு ஜெர்மன் வாடிக்கையாளர்கள் உண்டு. ஜிடிபிஆர் என்கிற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிரிவுகள் 99, அவற்றுக்கு முன்னால் முன்னுரைப் பத்திகள் 173! இதுதான் நீங்கள் சொன்ன தெளிவா? இந்த 173-ஐயும் படித்துத்தான் ஆகவேண்டுமா?

கா., கோயம்புத்தூர்

அன்புள்ள கா.,

உங்கள் எரிச்சல் நியாயம்தான். அதை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன்: 2024-இல் வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் பிரிவுகள் 113, முன்னுரைப் பத்திகள் 180.

விதி இல்லாமல் இல்லை. அந்த மூன்று அமைப்புகளும் 1998 டிசம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 22 நெறிகள் இருக்கின்றன. பத்தாவது நெறி முன்னுரையைப் பற்றியது. முக்கியப் பிரிவுகளுக்கான காரணத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், கட்டளை எதுவும் கூடாது, அரசியல் அறைகூவலும் கூடாது என்கிறது. இதற்குமேல் எப்படிச் சொல்வது?

கோளாறு நடப்பது வேறிடத்தில். ஆணையம் முன்மொழிவைத் தயாரிக்கும்போது அதன் விளைவுகளையும் மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டைச் சரிபார்க்க 2015 முதல் தனிக்குழு உண்டு. அதுவரை எல்லாம் ஒழுங்குதான். அப்புறம் மூன்று தரப்பும் மூடிய அறையில் உட்காருகிறார்கள், ட்ரைலாக் என்பார்கள். மேசையில் நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணை. முதல் மூன்றில் ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில் ஒவ்வொன்றின் வாசகம். நான்காவதில் சமரச வாசகம் வந்தாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் சட்டத்துக்கான கடைசிப் பேச்சு 2023 டிசம்பரில் மூன்று நாள் இழுத்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தரப்பு ஒரு வாக்கியத்தை விடமாட்டேன் என்கிறது, இன்னொன்று ஏற்கமாட்டேன் என்கிறது. சரி, பிரிவில் வேண்டாம், முன்னுரையில் போட்டுக்கொள்வோம்! வீட்டில் எறியவும் மனமில்லாமல், புழங்கவும் முடியாமல் இருப்பதெல்லாம் பரணுக்குப் போகிற மாதிரி.

பிறகு வருகிறவர்கள் மொழியும் சட்டமும் படித்த நிபுணர்கள். 24 மொழிகளிலும் வாசகத்தை ஒழுங்குபடுத்துவார்கள். ஆனால் பேசி முடித்த பொருளில் கைவைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அதே மூன்று அமைப்புகளும் 2016-இல் செய்துகொண்ட இன்னொரு ஒப்பந்தம் இந்தக் கோளாறைச் சரிசெய்யப் பார்த்தது. நாடாளுமன்றமும் கவுன்சிலும் பெரிய திருத்தம் கொண்டுவந்தால், பொருத்தமும் தேவையும் இருப்பதாக அவை கருதும்போது அதன் விளைவையும் மதிப்பிடும் என்கிறது. தேவையா இல்லையா என்பதை அவர்களிடமே விட்டதுதான் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். நான் பாராட்டியது 1998 ஒப்பந்தத்தை. அது எழுதுகிறவரைக் கட்டுகிற அளவுக்குப் பேரம் பேசுகிறவரைக் கட்டுவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முன்னுரைக்குத் தனியாகச் சட்ட வலு கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1998-இல், ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு மாட்டினப்பெருக்க வழக்கில் சொல்லிவிட்டது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஜிடிபிஆரின் 32-ஆம் முன்னுரைப் பத்தியைப் பாருங்கள். மௌனமோ, முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டமோ சம்மதம் ஆகாது என்கிறது. இதைப் பிரிவுகளில் இவ்வளவு வெளிப்படையாகத் தேடினால் கிடைக்காது. காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட ஒரு கட்டளையே உட்கார்ந்திருக்கிறது. 2019-இல் பிளானெட்49 வழக்கு வந்தது. ஆன்லைன் பரிசுப் போட்டி நடத்திய ஜெர்மன் கம்பெனி, குக்கிக்கான (இணையதளம் நம் கணினியில் போட்டுவைக்கும் சிறு கோப்பு) சம்மதக் கட்டத்தில் தானே டிக் போட்டு வைத்திருந்தது. அது செல்லாது என்ற நீதிமன்றம், பிரிவிலுள்ள வரையறையோடு இந்த 32-ஐயும் எடுத்துக்காட்டியது.

ஆகவே 173-ஐயும் வரிசையாகப் படிக்க வேண்டாம். சம்மதம் பற்றிய 7-ஆம் பிரிவோடு முன்னுரைப் பத்திகள் 32, 42, 43-ஐச் சேர்த்துப் படியுங்கள். உங்கள் வாடிக்கையாளர், ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்த 2018 மே 25-க்கு முன் வாங்கிய சம்மதங்களை இன்னும் வைத்திருந்தால் 171-ஐயும் பார்க்க வேண்டியிருக்கும்.