பேரலைக்கு எவ்வளவு சுவர் வேண்டும்?

கேள்வி: வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் உள்ள வெறுஞ்சுவரில், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘கனகாவா பேரலை’யை ஐந்தடி அகலத்தில் அச்சிட்டு மாட்ட விரும்புகிறோம். பொருத்தமாக இருக்குமா?

பதில்: சுவர் நிறையும், ஓவியம் குறையும். அந்த மரச்செதுக்கு அச்சின் அசல் அளவு ஏறத்தாழ 26 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும்தான், ஒரு வார இதழை விரித்துப் பிடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. 1830-களின் தொடக்கத்தில் ‘ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ என்ற வரிசையில் இது வெளியானது. (வரவேற்பு பெருகியதால் மேலும் பத்துப் படங்கள் சேர்ந்து, முப்பத்தாறு என்ற பெயரிலேயே நாற்பத்தாறு ஆயின.) எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்கள் இத்தகைய அச்சுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பெரும்பாலும் கையில் ஏந்தியே பார்த்தார்கள். ஜப்பானிய வீட்டின் ‘தொகொனோமா’ மாடத்தில் தொங்கவிடுவதற்கென்று சுருள் ஓவியங்கள் தனியே இருந்தன.

கைக்கென்று செய்த படம் என்பதை அதன் அமைப்பே சொல்லும். முதலில் அலை கண்ணில் படும்; பிறகு மூன்று படகுகளும், அவற்றில் தலை கவிழ்ந்து ஒடுங்கிக் கிடக்கும் துடுப்புக்காரர்களும் தெரிவார்கள்; கடைசியாகத்தான், அலையின் பள்ளத்தில் இன்னொரு சிற்றலைபோல் நிற்பது ஃபூஜி மலை என்பதும், மேலிருந்து சிதறும் நுரைத்துளிகள் அதன்மீது பனி பெய்வதுபோல் இருப்பதும் புலப்படும். இந்தத் தாமதம்தான் படத்தின் உயிர். ஐந்தடி என்றால் அசலைப்போல் நான்கு மடங்கு அகலம். மயிரிழைக் கோடு கயிறாகிவிடும், மலையும் வாசலில் நுழையும்போதே தெரிந்துவிடும்.

ஆகவே பேரலையை அசல் அளவிலோ சற்றே பெரிதாகவோ அச்சிட்டு, படிக்கும் நாற்காலிக்கு அருகிலோ நடைவழியிலோ, நின்று பார்ப்பவரின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். சோபாச் சுவருக்குப் பெரிய படமே வேண்டும் என்றால், பெரிதாகவே வரையப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, ஓவியர் ஹசெகாவா தோஹாகுவின் ‘பைன் மரங்கள்’, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடிப்புத் திரைகளின்மீது மையால் தீட்டப்பட்டது. ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரமுள்ளது. மூடுபனிக்குள் பாதி மறைந்து நிற்கும் அந்த மரங்கள், ஓர் அறையின் அகலத்தைத் தாராளமாகத் தாங்கும்.

கேள்வி: அருங்காட்சியக இணையதளங்களில் கிடைக்கும் படக்கோப்பை அச்சிடுவதா, கையால் செதுக்கி அச்சிட்ட பிரதியை வாங்குவதா?

பதில்: இரண்டுமே முறையானவை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் ஆகியவை தம்மிடமுள்ள பழைய ஜப்பானிய அச்சுகள் பலவற்றை உயர்தரக் கோப்புகளாக இலவசமாகவே வழங்குகின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 38 செ.மீ. அகலத்துக்குக் கோப்பின் அகலம் சுமார் 4,500 பிக்சல் இருக்க வேண்டும். பளபளப்பான புகைப்படத் தாள் வேண்டாம். அசலின் நிறம் ‘கோசோ’ மரப்பட்டைத் தாளுக்குள் ஊறிக் கிடப்பது. ஆகவே பளபளப்பற்ற பருத்தித் தாளே அதற்கு அண்மையில் வரும்.

கையால் செய்த பிரதி என்பது வேறு அனுபவம். டோக்கியோவின் அடாச்சி நிறுவனம் போன்ற பட்டறைகளில் இன்றும் செர்ரி மரப்பலகையில் புதிதாகச் செதுக்கி, ‘பாரென்’ என்னும் வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் அழுத்தித் தேய்த்து, ஒவ்வொரு நிறமாக ஏற்றுகிறார்கள். வானத்தின் மேல்விளிம்பில் அடர்ந்து கீழே மெல்லக் கரையும் நீலத்துக்கு ‘போகாஷி’ என்று பெயர். பலகையில் நிறத்தைக் கையால் துடைத்துத் துடைத்து உண்டாக்கும் அந்தச் சாய்வு, தாளில் பக்கவாட்டு ஒளி படும்போதுதான் முழுமையாகத் தெரியும்.

எதை வாங்கினாலும், இன்னொரு ஜப்பானிய அச்சு ஓவியரான ஹிரோஷிகே 1857-இல் வெளியிட்ட ‘ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை’யை வைத்துத் தரத்தைச் சோதியுங்கள். வான்கோ எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்த படம் அது. மழைக்கோடுகள் சற்றே மாறுபட்ட கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மட்டமான அச்சில் அவை சாம்பல் பூச்சாகிவிடும். பேரலையில் தலைப்பும் கையொப்பமும் இடப்பக்க மேல்மூலையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இடவலம் மாறிய பிரதி ஒன்றை ஓராண்டுக்காலம் என் மேசைக்கு எதிரிலேயே மாட்டி வைத்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: சட்டமிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மெல்லிய கறுப்புச் சட்டமோ, பூச்சில்லாத மரச் சட்டமோ போதும், தங்க முலாம் கூடவே கூடாது. தாள் கண்ணாடியைத் தொடாதபடி, அமிலமற்ற அட்டையை இடையில் வையுங்கள். வெயில் நேராக விழும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். பழைய அச்சுகளில் பிரஷ்ய நீலம் என்னும் செயற்கை நிறமி ஓரளவு தாக்குப்பிடித்தாலும், பூக்களிலிருந்து எடுத்த நீலமும் சிவப்பும் ஒளியில் எளிதாக வெளிறக்கூடியவை. அதனால்தான் அருங்காட்சியகங்கள் அசல்களை மங்கிய வெளிச்சத்தில், சில காலம் மட்டுமே காட்சிக்கு வைக்கின்றன.

கேள்வி: படுக்கையறைக்குப் பேரலை வேண்டாம் என்கிறார் என் கணவர். வேறு என்ன மாட்டலாம்?

பதில்: அவர் சொல்வது சரி. அச்சு ஓவியர் கவாசே ஹசுயியின் (1883–1957) இரவுக் காட்சிகளையும் பனிக் காட்சிகளையும் பாருங்கள். 1925-இல் வெளியான ‘ஷிபாவின் ஸோஜோஜி’யில், சிவந்த கோயில் வாயிலுக்கு முன்னே, பனிக்காற்றில் குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒரு பெண் நடந்து போகிறாள். அதைவிட அமைதி வேண்டுமானால், எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தோக்காய்தோ நெடுஞ்சாலையைப் பற்றிய ஹிரோஷிகேயின் வரிசையில் உள்ள ‘கம்பரா’ என் தேர்வு. கம்பரா என்பது பனி அரிதாகவே விழும் இதமான கடலோர ஊர். படத்திலோ கூரைகள் மூடும் அளவுக்குப் பனி. சாம்பலும் கறுப்புமான அந்த இரவில் மூன்று பேர் மட்டும் குனிந்து நடக்கிறார்கள். கட்டிலில் படுத்தபடி பார்க்கும் உயரத்தில் அதை மாட்டுங்கள்.