கேமரா கடைசியில் வாங்கலாம்

அன்புள்ள ஐயா,

மகளை பி.காம். சேர்க்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அவளோ கல்யாண போட்டோகிராபர் ஆகப் போகிறேன், நல்ல கேமரா ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்கிறாள். 'மண்டபம் மண்டபமாக அலைகிற வேலை பெண்பிள்ளைக்குத் தேவையா?' என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் கேமரா பேச்சை முடித்துவிடுவோம். இப்போது வாங்க வேண்டாம். இந்தத் தொழிலில் வேறு சில விஷயங்கள் கைக்கு வந்த பிறகு, கடைசியில்தான் அது வேண்டும்.

தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். தாலித் தட்டு பெரியவர்கள் கையால் ஆசி வாங்கி மேடைக்குத் திரும்பும்போதே போட்டோகிராபர் தன் இடத்தில் நின்றிருக்க வேண்டும். 'கெட்டிமேளம்' குரல் கேட்ட பிறகு நகர்ந்தால் முன்னால் வெறும் முதுகுகள்தான். அட்சதை பறக்கும்போது ஆட்டோ ஃபோகஸ் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு அரிசியைப் பிடிக்கப் பார்க்கும். ஹோமப் புகை வேறு. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்றதை நாத்தனார் போடுவது பல வீடுகளில் வழக்கம். கூட்டம் முதல் முடிச்சோடு சாப்பாட்டுப் பந்தியை நினைக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் எங்கே நிற்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கிறவர் எடுக்கிற படத்தைத்தான் அந்தக் குடும்பம் பல வருஷம் கழித்தும் தேடி எடுத்துப் பார்க்கும்.

அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்திருப்பதுதான் நிற்கவைக்காமல் இயல்பாக எடுப்பதைக் கேண்டிட் என்று சொல்கிறார்களே, அதில் பாதி வேலை. சடங்கு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அதனால் முதல் நாளே புரோகிதரிடமும் வீட்டில் விவரம் தெரிந்த ஓர் அத்தையிடமும் வரிசையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில தேவாலயங்களில் திருப்பலி நேரத்தில் ஃபிளாஷ் போடக் கூடாது என்பார்கள். நிக்காஹ்வில் பெண் பெரும்பாலும் வேறு இடத்தில் இருப்பார், சம்மதம் கேட்பது அங்கேயும் ஒப்பந்தம் இங்கேயுமாக நடக்கும். ஒரே ஆள் இரண்டையும் எடுக்க முடியாது.

உங்கள் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. மணமகள் அறையில் புடவை கட்டி, அலங்காரம் முடிகிற வரை ஓர் ஆண் போட்டோகிராபருக்குப் பெரும்பாலும் வாசலோடு சரி. இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் பக்கம் எடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்கிற அளவுக்கு ஆட்கள் கிடைப்பதில்லை. பெண் என்பது இந்த வேலையில் உங்கள் மகளுக்குக் கூடுதல் தகுதி. அலைச்சல் உண்டு, மறைக்கவில்லை. முந்தின நாள் ரிசப்ஷன் இரவு பதினொன்றுக்கு முடியும், மறுநாள் நாலரை மணி முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கே எழுந்திருக்க வேண்டும்.

கேண்டிட்டுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1996-இல் அமெரிக்காவின் கம்பர்லாண்ட் தீவில், முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் திருமணம் ரகசியமாக, ஒரு சின்ன மரத் தேவாலயத்தில் நடந்தது. படம் எடுத்தவர் டெனிஸ் ரெஜி. தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது மாப்பிள்ளை சட்டென்று மணமகளின் கையை எடுத்து முத்தமிட்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு படத்தைத்தான். யாரும் சொல்லி நிற்கவைத்து எடுத்ததில்லை அது. அதற்காக, மேடையில் வரிசையாக நிறுத்தி எடுக்கும் குடும்பப் படத்தை மட்டமாகப் பேசுகிற இளசுகளோடு எனக்கு உடன்பாடில்லை. தாத்தா பாட்டி எல்லோரும் ஒன்றாக இருப்பது பல வீடுகளில் அந்த ஒரு படத்தில் மட்டும்தான்.

என்ன படிக்கலாம்? விராட் கோலி – அனுஷ்கா சர்மா திருமணத்தை 2017-இல் எடுத்த ஜோசப் ராதிக், பொறியியலும் எம்.பி.ஏ.வும் படித்தவர். இந்தத் துறையில் பெயரெடுத்த பலர் வேறு எதையோ படித்துவிட்டு வந்தவர்கள்தான். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பதாக இருந்தால், ஸ்டூடியோவும் விளக்குகளும் மாணவர் கையில் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒளிப்பதிவு வரை ஆர்வம் என்றால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. டிகிரிக்குப் பிறகு மேலே படிக்க, குஜராத்தின் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் புகைப்படத்துக்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. என்னைக் கேட்டால், நீங்கள் சொல்கிற பி.காம்.மே சரி. கொட்டேஷன், அட்வான்ஸ், கணக்கு இவற்றில் கோட்டை விட்டுத்தான் திறமைசாலிகள் பலர் கடையை மூடுகிறார்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், இந்தச் சேவைக்கு வரி 18 சதவீதம். இதைச் சேர்க்காமல் விலை பேசினால் கைக்காசுதான் போகும்.

வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வராது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் பார்க்க மாட்டார்கள். தை பிறந்தால் ஒரே நாளில் நாலு பேர் கூப்பிடுவார்கள். வெறும் மாதங்களில் ஆல்பம் வேலை, குழந்தைகள் படம், கடைகளுக்குப் பொருள் படம் என்று ஓட்டத் தெரிய வேண்டும். எடுப்பதைவிட, ஆயிரக்கணக்கான படங்களில் எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் நாட்கள் போகும். மேடையில் ஊதா எல்.இ.டி., மஞ்சள் விளக்கு, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் கலந்து முகத்தில் விழும், தோலின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவது தனிக் கலை. சரிசெய்கிறேன் என்று மாநிறப் பெண்ணை மாவுபோல வெளுப்பாக்கித் தருகிற ஸ்டூடியோக்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பழக்கம் அவளுக்கு ஒட்டாமல் இருக்கட்டும்.

எனவே கல்லூரியில் சேரட்டும், வார இறுதி முகூர்த்தங்களுக்கு ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராகப் போகட்டும். லைட் பிடிப்பதில் தொடங்கி செகண்ட் ஷூட்டர், அதாவது முதன்மை போட்டோகிராபரோடு கூட நின்று எடுக்கும் இரண்டாவது ஆள், ஆகும்வரை கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பின்னால் சொந்தமாக வாங்கும்போது, ஒன்று கெட்டாலும் மற்றொன்றில் படம் இருக்கும்படி இரண்டு மெமரி கார்டு போடுகிற கேமராவாகப் பாருங்கள். கடன் தேவைப்பட்டால் சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் உண்டு. ட்ரோன் ஆசை வந்தால், 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அதற்கான பயிற்சியில் சேர 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும்; பயிற்சியை முடித்தால்தான் சான்றிதழ்.

ஸ்டூடியோவில் சேர்க்கும் முன் நீங்களே ஒருமுறை நேரில் போய் உரிமையாளரிடம் பேசுங்கள். ஒரு முகூர்த்தத்துக்கு என்ன தருவார், எத்தனை நாளில் தருவார், வெளியூர் என்றால் தங்கும் இடம் யாரோடு, ராத்திரி வேலை முடிந்தால் வீட்டுக்கு யார் கொண்டுவந்து விடுவார், அவள் எடுத்த படத்தைத் தன் பெயரில் காட்டிக்கொள்ளலாமா. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல ஸ்டூடியோக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.